மூடியைத் தவிர எல்லாம் பார்த்தவர்

தப்பு யாருடையதாக இருந்தாலும் முதலில் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் மெக்கானிக் கடை வைத்திருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயருக்கு நான் செய்த கெடுதல் போதும்.

அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை ஆறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். விஷயம் மட்டுமில்லை, ஒரு பொருளையும் வைத்திருந்தேன். பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில், கிழிந்த துண்டில் சுற்றிய ஒரு பெட்ரோல் டேங்க் மூடி. அதை அவர் கையில் கொடுத்து, தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வரி. அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று எனக்கு. வெட்கம் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒருநாள் டீக்காரர் கிளாஸை நீட்டும்போது அவர் கையிலேயே நழுவி விழுந்து உடைந்தது. நான் அங்கேதான் நின்றிருந்தேன், கண்ணால் பார்த்தேன். நம் ஆள் இன்னும் கையே நீட்டவில்லை. ஆனால் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியது அவர். "நான் கொஞ்சம் முன்னாடியே கைய நீட்டியிருக்கணும்" என்று வேறு சொன்னார். டீக்காரரும் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அணுமின் குடியிருப்பிலிருந்து ஓர் அதிகாரி ஒரு தடவை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல வெயில், சட்டையெல்லாம் ஈரம். நேற்றுதானே பார்த்துக் கொடுத்தாய் என்று கத்தினார். மெக்கானிக் வண்டியை நிழலுக்கு நகர்த்தி உட்கார்ந்து பார்த்தால், பெட்ரோல் குழாயே திறக்கப்படவில்லை. மனிதர் திறக்க மறந்து அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அதிகாரியின் முகம் சுண்டிப்போயிற்று. இவரோ, "நேத்து நான் டேப்ப டைட்டா மூடிட்டேன் சார், அதான் உங்க கைக்குத் திரும்பல" என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவைத்தார். பொய் என்றுகூட சொல்ல முடியாது. சொல்லி முடிப்பதற்குள் அவரே அதை நம்பிவிட்டார்.

அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "மழ பேஞ்சாலும் இவராலதாம்மா, பேயாட்டியும் இவராலதான். இந்த ஆளோட இன்னா குடும்பம் பண்றது?" சிரிப்புதான், ஆனால் பாதிக்கு மேல் சிரிப்பு வராது அந்த அம்மாவுக்கு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்துபோயிற்று. வண்டியைத் தானே கீழே போட்டுவிட்டு, "நீங்க பிரேக் பாத்ததுக்கு அப்புறம்தான் இப்பிடி" என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவரும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நானும் வேடிக்கை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்போது எனக்கு என்ன தெரியும், அந்தக் குணத்தை எல்லோரையும்விட அதிகமாகத் தின்னப்போகிறவள் நான்தான் என்று.

எங்கள் வீட்டில் இருந்தது என் மாமனார் காலத்து மோட்டார் சைக்கிள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற பழைய ரகம். ரோட்டில் போனால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சில பேர் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. மகாபலிபுரத்தில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன் வேலை அவருக்கு. தினமும் அதில்தான் போய்வருவார். எங்கள் வீட்டுக்கு முன்னால் வண்டி விட மறைவு கிடையாது. உப்புக்காற்றும் மழையும் அதன் தலைமேல்தான்.

ஒரு தடவை டேங்கின் அடியில் தகடு சேர்கிற இடத்தில் பெட்ரோல் கசிந்தது. மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். துணி துவைக்கிற நீல சோப்பை என்னிடம் கேட்டு வாங்கி, கசிகிற இடத்தில் அழுத்தித் தேய்த்தார். ஐந்து நிமிஷத்தில் கசிவு நின்றது. எனக்கு ஆச்சரியம். "பெட்ரோலுக்கு சோப்பு கரையாதும்மா. தண்ணிக்குத்தான் கரையும். வெல்டிங் வெக்கிற வரிக்கும் இது தாங்கும்" என்றார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். எதையாவது ஒருதரம் பார்த்தால் பிடித்துக்கொள்வேன் என்று எனக்கு எப்போதும் ஒரு திமிர் உண்டு.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. மெக்கானிக் வந்து கார்பரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கிண்ணம் அது. அதன் அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. டேங்க் மூடியில் காற்றுக்காக ஊசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறது, மழையில் மூடி வையுங்கள் என்று சொன்னார். மறுநாள் நான் ஒரு பாலிதீன் உறையைக் கட்டிவைத்தேன். கடல்காற்று அதை ஒரே நாளில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று கட்டினேன், அதுவும் போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. நேராகப் போய் நீல சோப்பில் ஒரு துண்டு கிள்ளி, மூடியைத் திருகி எடுத்து, அடிப்பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் கட்டை விரலால் அழுத்தித் திணித்தேன். மேல்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அழகாக அடைத்துக்கொண்டது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் சோறு வடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒரு விஷயமாக யார் சொல்வார்கள்?

அதற்கப்புறம் பெட்ரோலில் தண்ணீர் வரவில்லை. ஆனால் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். மணமை தாண்டியதும் மூச்சு வாங்குவதுபோல் இழுத்து, அப்படியே நிற்கும். என் வீட்டுக்காரர் இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் உடனே ஓடும். சில நாள் நிற்காமலே போய்ச் சேர்ந்துவிடும், திரும்பும்போது நிற்கும். ஓட்டலில் நேரம் தப்பிப் போய் இரண்டு தடவை எழுத்தில் எச்சரிக்கை வாங்கிவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம். மாமியாருக்கு சர்க்கரை. வண்டியை விற்றுவிடலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு அம்மாவும் பிள்ளையும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மெக்கானிக் தூக்கம் இழந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. முதலில் கையைக் கழுவுவார். ஒரு வெள்ளைத் துண்டைத் தரையில் விரிப்பார். "பெட்ரோல் எங்க வரிக்கும் வருதுன்னு கூடவே போய்ப் பாக்கணும்" என்பார். டேங்க்கைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, மூடியை சீட்டின் மேல் வைப்பார். குழாயைப் பிடுங்கி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, தாரை அறுபடாமல் விழுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் வடிகட்டி, அப்புறம் கிண்ணம், மிதவை, மிதவையின் ஊசி. கடைசியில் ஜெட் என்கிற பித்தளைத் திருகு. அதன் கண்ணை வெயிலுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். கம்பி விட்டுக் குத்த மாட்டார், கண் பெரிதாகிவிடுமாம். வாயில் வைத்து ஊதுவார். காற்று போனால்தான் துண்டில் வைப்பார்.

எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏன் இருக்காது? முதல் காரியமாக அவர் மூடியைத் திறந்துவிடுகிறாரே! திறந்த மறுகணம் காற்று உள்ளே போய்விடுகிறது, நின்ற பெட்ரோல் மறுபடி இறங்குகிறது, நோயும் போய்விடுகிறது. நோய் போன உடம்பை வைத்துக்கொண்டு அவர் நாள் முழுக்க நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். மிதவை ஊசியை மாற்றினார். சூட்டினால் இருக்குமோ என்று தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலை மாற்றினார். ஒருநாள் தன் வண்டியில் இவர் பின்னாலேயே மணமை வரை போனார். அங்கே நின்றது. ஓடி வந்து முதலில் என்ன செய்தார்? மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார். வண்டி ஓடிவிட்டது. நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "என் கை எங்கியோ தப்பு பண்ணிக்கீது சார். எங்கன்னு மட்டும் தெரியல" என்றாராம். இவர் வந்து என்னிடம் சொன்னபோது, பாவம் மனுஷன் என்று நான் உச்சுக்கொட்டினேன். உச்சுக்கொட்டினேன்! அந்த வாயை இப்போது நினைத்தாலும் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியாக அவர் ஒரு யோசனை சொன்னார். டேங்க் பழசு, அடியில் துருத்தூள் இருக்கலாம், பெட்ரோல் குறையும்போது அது வாய்க்கு வந்து அடைக்கலாம், அதனால் டேங்க்கை நிறைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள் என்றார். இவர் மறுநாள் காலையில் கழுத்து வரை நிரப்பினார். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை. எப்போதும் நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே இழுக்க ஆரம்பித்திருக்கும். டேங்க் நிறைந்திருப்பது தெரியுமே, மூடியைத் திறந்து பார்க்காமல் இவர் எப்படியோ உருட்டிப் பிடித்துக்கொண்டு பூஞ்சேரி கூட்டு ரோடு வரை போயிருக்கிறார். ஊருக்குள் போக வலது பக்கம் திரும்பியபோது, ரோட்டுக்குக் குறுக்கே, நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது. திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்தது.

உயிர் போகவில்லை. வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப்போயிற்று. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். கால் இரண்டு விரல்கடை குட்டையானது. ஏணி ஏறாத எலக்ட்ரீஷியனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

அன்று மதியமே மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். நடைபாதையில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே என் மாமியார் முன்னால் வந்து நின்று, "என்னாலதாம்மா. நான்தான் நெறச்சிக்கினு போகச் சொன்னேன்" என்றார். என் மாமியார் அவர் கன்னத்தில் அறைந்தார். அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சாபம் விட்டார். அவர் நகரவில்லை. முழுசாக வாங்கிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியை அங்கே சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் மாட்டியிருந்த பையில் ஆஸ்பத்திரியில் கேட்ட இவருடைய காப்பீட்டு அட்டை இருந்தது, அதை எடுக்கத்தான் போனேன். எடுத்துவிட்டேன். திரும்பியிருக்கலாம். என்ன தோன்றியதோ, இவர் எப்போதும் செய்வாரே, அதேபோல் மூடியைத் திருகினேன். வரவில்லை. இரண்டு கையாலும் இறுக்கித் திருகினேன். உஸ் என்று சத்தம் வந்தது. காற்று உள்ளே போகிற சத்தம்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது. எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மாசம் ஒரு டின் உடைக்கிறேன். இது எனக்குத் தெரியாதா? மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த சோப்பு வைத்தபடி இருந்தது. என் கட்டை விரல் ரேகைகூடத் தெரிந்தது.

அங்கேயே ஓவென்று கத்தியிருக்க வேண்டும். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டேஷன் வாசலில் நின்ற ஏட்டு அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, மூடியை முந்தானைக்குள் போட்டுக்கொண்டேன். டேங்க் வாயில் என் கைக்குட்டையைத் திணித்தேன். மாமியாரின் அந்த அறை என் கண்ணிலேயே நின்றது. மகன் காலை முடமாக்கியவள் மருமகள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கும்? எனக்குப் போக வேறு வீடும் இல்லை. பயம். சுத்தமான பயம். வேறு எந்தப் பெயரும் அதற்கு வைக்க மாட்டேன்.

நாலைந்து நாள் கழித்து மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார், நான் துணி எடுக்க வந்திருந்தேன். வாசலிலேயே நின்றார். ஸ்டேஷனில் கேட்டுக் கெஞ்சி வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கையெல்லாம் கருப்பு.

"எல்லாத்தையும் பாத்துட்டேம்மா. மூடி மட்டும் இல்ல. எங்கன்னு உனக்கு எதனா தெரியுமா?"

நான் தெரியவில்லை என்றேன். யாராவது எடுத்திருப்பார்கள் என்றேன். மூடி அப்போது என்னிடமிருந்து ஆறடி தூரத்தில், பீரோவில் இருந்தது.

"அன்னிக்கே நான் போயிருந்தா தொலைஞ்சிருக்காது" என்றார். அதையும் எடுத்துக்கொண்டார் பாருங்கள். நான் திருடியதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு போனார்.

அப்புறம் ஏழெட்டு மாசம், செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் ஒரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வருவார். இவரைத் தூக்கி உட்காரவைத்து செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார். மாமியார் உள்ளேயிருந்து சாபம் விடுவார். தவறாமல் அதே சாபம், அந்தக் கை விளங்காமல் போகட்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டுவார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். எனக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் தைரியம் இருந்தது. உண்மை ஒரு செவ்வாய்க்கிழமைகூட வாய் வரை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, முழுங்கினேன்.

இவர் ஊன்றுகோலை விட்டு நடந்த மாசம் மெக்கானிக் கடையைப் பூட்டினார். ஸ்பேனர்களை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று டீக்காரர் சொன்னார். "இந்தக் கை இனிமே இன்ஜின் தொடாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். டீக்காரர் அதை ஒரு செய்தியாகச் சொன்னார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். முதலில் தரை துடைத்தேன், இப்போது துடைக்கிறவர்களை மேய்க்கிறேன். விடிகாலை ஷட்டில் பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பூஞ்சேரி கூட்டு ரோடு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். கையில் சோப்பு படாத நாள் கிடையாது எனக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாசம் இவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மதுராந்தகம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, கருங்குழி பைபாஸ் ஓரத்தில் நம்ம மெக்கானிக்கைப் பார்த்தாராம். பஞ்சர் ஒட்டுகிறாராம். பக்கத்தில் ஒருத்தன் வண்டி கிளம்பவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சுகிறான், மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முடியாது என்று தலையாட்டுகிறாராம். "என்னப் பாத்ததும் எழுந்து நின்னாரு. என் காலத்தான் பாத்துக்கினே இருந்தாரு" என்றார். உள்ளேயிருந்து மாமியார் ஆரம்பித்தார், அதே சாபம். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இன்று சனிக்கிழமை, எனக்கு லீவு. மூடியைத் துண்டோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு, செங்கல்பட்டு போய் அங்கிருந்து கருங்குழிக்கு பஸ் மாறினேன்.

ரோட்டோரத்தில் நாலு கம்பி நட்டு ஒரு தகரம். பழைய டயர்கள், காற்றடிக்கிற மிஷின், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. அவர் குத்துக்காலிட்டு ஒரு டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாம்மா. அவருக்குக் கால் எப்பிடி கீது?"

வருகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். துண்டைப் பிரித்து மூடியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வெறுமனே பார்த்தார். பார்த்த உடனே தெரிந்துகொண்டார் எந்த வண்டியுடையது என்று.

சொன்னேன். மழை, பாலிதீன் உறை, சோப்பு, ஸ்டேஷன், பீரோ, வாசலில் வந்து கேட்டபோது சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். லாரிகள் போகிற சத்தத்தில் சில இடத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மூடியை வாங்கினார். அடிப்பக்கத்தைத் திருப்பி வெயிலுக்குப் பிடித்தார். வெளிச்சம் வரவில்லை. வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. பிறகு தொட்டித் தண்ணீரில் அதை அமிழ்த்தி, கட்டை விரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆறு வருஷத்துச் சோப்பு லேசில் கரையவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். தண்ணீர் கொஞ்சம் வெளுத்தது. எடுத்து உதறி மறுபடி வாயில் வைத்து ஊதினார். இந்தத் தடவை காற்று போகிற சத்தம் கேட்டது.

"தண்ணி எறங்குச்சே, அப்ப ஓட்ட தொறந்துதானே இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார், என்னிடம் இல்லை, மூடியிடம். "தொறந்து தொறந்து உள்ள பாத்தேனே. கையில இருந்த மூடிய ஒரு தபா பாத்தனா?"

"அண்ணா, நீங்க இல்ல. நான். நான் பண்ணது" என்றேன்.

"சோப்பு வெக்கிறத உனக்குக் காட்டினது யாரு? மூடி வெய்யின்னு சொன்னது யாரு? நெறச்சிக்கினு போங்கன்னு சொன்னது?" ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். மூன்று விரலும் அவருடையவை. எனக்கென்று ஒரு விரல்கூட மிச்சம் வைக்கவில்லை.

திட்டுங்கள் என்று கெஞ்சினேன். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். என் மாமியார் அறைந்த அறையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குக் கொடுத்ததுபோலவே கொடுத்தார்.

"வூட்ல தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"சொல்லாத. அந்த மாமியாக் கெய்வி உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடும். இந்த வயசுல நீ எங்க போவ? இத நானே வெச்சிக்கிறேன்." டயர்களுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். "யாரனா கேட்டா, அன்னிக்கி ஸ்டேஷன்லேர்ந்து நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கிறேன். போம்மா, வெயில் ஏறுது."

அவர் மூடியைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார். அந்த ஒரு நிமிஷம் என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. பொய் சொல்ல மாட்டேன், பரவியது. போ, அவரே எடுத்துக்கொள்கிறார், நீ சொல்லியாயிற்று, உன் பாரம் இறங்கியாயிற்று என்று உள்ளே ஒன்று சொன்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டேஷனில் முந்தானையை விரித்த குரல் அதுதான்.

பாய்ந்து அவர் கையிலிருந்து மூடியைப் பிடுங்கினேன். அவர் விரலில் கீறிவிட்டது. அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இது என்னுதுண்ணா, எங்கிட்ட குடுத்துடுங்க" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் ரோட்டோரம் நின்று, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டில் மாறிய பஸ் இப்போது திருக்கழுக்குன்றம் தாண்டிவிட்டது. மூடியை மறுபடி துண்டில் சுற்றவில்லை. மடியில் வைத்திருக்கிறேன், ஈரம் புடவையில் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் இருக்கிற அம்மாள் இது என்ன என்று கேட்டார். பெட்ரோல் டேங்க் மூடி, நான் அடைத்தது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெக்கானிக்கைத் தவிர இன்னொருவரிடம் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான். வீட்டில் இந்நேரம் மாமியார் வாசலில் உட்கார்ந்திருப்பார், இவர் சாப்பிட என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இதை வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். இன்னும் நாலு ஸ்டாப்.